குரூப் பாலிசியில் 'ஆக்சஸ் டினைட்': எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

விண்டோஸ் டொமைனை, அதாவது ஒரே மைய நிர்வாகத்தின் கீழ் இணைந்த மெஷின்களையும் யூசர்களையும், பராமரிப்பவர்களிடமிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "சார், பாலிசியைத் திறந்தா ஆக்சஸ் டினைட்னு வருது. என் ஐடியை டொமைன் அட்மின்ஸ்ல போட்டுட்டேன், அப்பவும் வருது." பாலிசி (குரூப் பாலிசி) என்பது மெஷின்களுக்கும் யூசர்களுக்கும் மையமாக அமைக்கும் விதித்தொகுப்பு; டொமைன் அட்மின்ஸ் முழு அதிகாரம் உள்ள குழு. முதலில் அந்த ஐடியை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். பெர்மிஷன் என்று திரை சொல்லும் பிழைகளில் பல பெர்மிஷனே அல்ல. டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் சேவை), கடிகாரம், நின்றுபோன ரெப்ளிகேஷன் (சர்வர்கள் தங்களுக்குள் நகல் பரிமாறுவது) என்று காரணம் வேறெங்கோ இருக்கும். அப்படி இருக்கும்போது அதிகாரத்தைக் கூட்டினால் பிழையும் போகாது, முழு அதிகாரம் உள்ள ஒரு அக்கவுண்ட் கேட்பாரற்றுக் கிடக்கும்.

கீழே உள்ளதற்கு ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலிசியும் இரண்டு இடத்தில் வாழ்கிறது. ஒரு பாதி யூசர், மெஷின் விவரங்களை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரிக்குள், சிஸ்டம், அதற்குள் பாலிசிஸ் என்ற இடத்தில். மறுபாதி சிஸ்வால் ஃபோல்டரில்; டொமைனை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் ஒவ்வொன்றிலும் அது இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி பெர்மிஷன், தனித்தனி ரெப்ளிகேஷன். பாலிசியின் நீளமான ஐடி எண்தான் இரண்டையும் இணைக்கும் கயிறு.

## எடிட் கொடுத்தால் 'உங்களுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம்' என்கிறது

'ஃபெயில்ட் டு ஓபன் த குரூப் பாலிசி ஆப்ஜெக்ட். யூ மைட் நாட் ஹேவ் த அப்ரோப்ரியேட் ரைட்ஸ்.' இந்த வரியைப் படித்தவுடன் பெட்டியை மூடிவிடுகிறார்கள். கீழே 'டீடெய்ல்ஸ்' என்று சின்னதாக இன்னொரு வரி இருக்கும். வேலை அங்கேதான். மேலே உள்ள வரி எல்லாக் காரணத்துக்கும் ஒரேபோல வரும்.

டீடெய்ல்ஸில் 'நெட்வொர்க் பாத் வாஸ் நாட் ஃபவுண்ட்' என்றிருந்தால்

பெர்மிஷன் பக்கமே போக வேண்டாம். ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் கொடுத்து டிஎன்எஸ் சர்வர் வரியைப் பாருங்கள். அங்கே டொமைன் கன்ட்ரோலரின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். இன்டர்நெட் நின்றுவிடக்கூடாதே என்று யாராவது ரவுட்டரையோ 8.8.8.8-ஐயோ இரண்டாவதாகப் போட்டிருப்பார்கள். அது சும்மா இருக்காது. முதல் சர்வர் ஒரு முறை பதில் சொல்லத் தாமதித்தால் மெஷின் இரண்டாவதுக்குத் தாவும், உங்கள் உள் டொமைனின் பெயர் அதற்குத் தெரியாது. இதனால்தான் 'காலையில வந்துச்சு, மத்தியானம் தானா சரியாயிடுச்சு' என்கிற கதைகள்.

டிஎன்எஸ் சரி என்றால் நெட்வொர்க் கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'க்ளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்' டிக் இருக்கிறதா பாருங்கள். பாதுகாப்புக்காக என்று அதை எடுத்துவிட்ட சர்வர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதுவும் இருந்தால், நெட்டாம் க்வெரி எஃப்எஸ்எம்ஓ கொடுத்து பிடிசி எமுலேட்டர் (சில தனிப் பொறுப்புகள் தரப்பட்ட கன்ட்ரோலர்) எது என்று பாருங்கள். பாலிசி கன்சோல் (பாலிசிகளை நிர்வகிக்கும் கருவி) வழக்கமாக அந்த ஒரு கன்ட்ரோலரிடம்தான் போகும். அது அணைந்திருந்தாலோ கிளை அலுவலகத்திலிருந்து எட்டாவிட்டாலோ கன்சோல் முரண்டு பிடிக்கும். டொமைன் பெயரில் ரைட் க்ளிக் செய்து 'சேஞ்ச் டொமைன் கன்ட்ரோலர்' மூலம் அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இரண்டு பேர் இரண்டு கன்ட்ரோலரில் ஒரே பாலிசியை எடிட் செய்தால் கடைசியாகச் சேமித்தவர் ஜெயிப்பார், மற்றவர் வேலை காணாமல் போகும். இதைத் தற்காலிக வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'சிஸ்டம் கேனாட் ஃபைண்ட் த பாத்' என்றிருந்தால்

டைரக்டரியில் பாதி இருக்கிறது, சிஸ்வாலில் ஃபோல்டர் இல்லை. கன்சோலில் அந்தப் பாலிசியின் டீடெய்ல்ஸ் டேபில் யூனிக் ஐடி இருக்கும். அதே எண்ணுள்ள ஃபோல்டரை ஒவ்வொரு கன்ட்ரோலரின் சிஸ்வாலிலும், சர்வர் பெயரைப் போட்டுத் தனித்தனியாகத் தேடுங்கள்.

ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் ரெப்ளிகேஷன் நின்றிருக்கிறது. ஈவென்ட் வியூவரில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் பகுதியைத் திறந்து 2213, 4012 இரண்டையும் தேடுங்கள். 2213 என்றால் சர்வர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் அணைந்திருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி செத்த அலுவலகங்களில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். ரெப்ளிகேஷனை மீண்டும் தொடங்குவதற்கான கட்டளை அந்த ஈவென்டின் உள்ளேயே முழுதாக எழுதப்பட்டிருக்கும். சிஸ்வாலை பேக்கப் எடுத்துக்கொண்டு அதை ஓட்டலாம்.

4012 என்றால் நிறுத்துங்கள். வழக்கமான வரம்பான 60 நாளுக்கும் மேலாக அந்த சர்வர் மற்றவற்றோடு பேசவில்லை என்று பொருள். எந்த சர்வரில் உள்ளது சரியான நகல் என்று முடிவெடுத்து, அதை மற்றவற்றின் மேல் திணிக்க வேண்டியிருக்கும். முடிவு தவறினால் இரண்டு மாதத்துக்கு முந்தைய பாலிசிகள் இன்றையவற்றை அழித்துவிடும். இந்த வேலையை முன்பே செய்து பழகியவரைக் கூப்பிடுங்கள்.

எந்தக் கன்ட்ரோலரிலும் ஃபோல்டர் இல்லையென்றால் பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர்தான். பேக்கப் இல்லையென்றால் அந்தப் பாலிசியை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுங்கள். வேறொரு பாலிசியின் ஃபோல்டரை காப்பி செய்து எண்ணை மாற்றி ஒட்டுவது வேண்டாம். பெர்மிஷனும் வெர்ஷன் எண்ணும் பொருந்தாமல் கீழே வரும் வேறு அறிகுறிகளையும் நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

'ஆக்சஸ் இஸ் டினைட்' என்றே இருந்தால்

இப்போதுதான் பெர்மிஷன். ஹூஅம்ஐ ஸ்லாஷ் குரூப்ஸ் ஓட்டுங்கள். நேற்றோ இன்றோ குழுவில் சேர்க்கப்பட்டவர் லாக்ஆஃப் செய்து திரும்ப வந்தால்தான் அந்தக் குழு பட்டியலில் வரும். திரையை லாக் செய்து திறப்பது கணக்கில் சேராது. குழு இருக்கிறது, அப்போதும் மறுக்கிறது என்றால் பாலிசியின் டெலிகேஷன் டேபுக்குப் போங்கள். 'எடிட் செட்டிங்ஸ்' உரிமை அந்தக் குழுவுக்குத் தரப்பட்டிருக்கிறதா, 'ரீட்' மட்டுமா என்று அங்கே தெரியும்.

## பாலிசியின் பெயருக்குப் பதில் 'இன்ஆக்சஸிபிள்' என்று வருகிறது

ஓயு (டைரக்டரியில் யூசர்களையும் மெஷின்களையும் பிரித்து வைக்கும் பிரிவு) மேல் பாலிசியின் லிங்க் இருக்கிறது, பெயர் தெரியவில்லை. 'குரூப் பாலிசி ஆப்ஜெக்ட்ஸ்' பட்டியலில் தேடினால் அங்கேயும் இல்லை. 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் கவலை இல்லை, பாலிசியை யாரோ நீக்கியிருக்கிறார்கள், லிங்கை எடுத்துவிட்டால் முடிந்தது. 'இன்ஆக்சஸிபிள்' வேறு: பாலிசி உயிரோடுதான் இருக்கிறது, உங்களுக்குப் படிக்க உரிமை இல்லை.

சாதாரண ஹெல்ப்டெஸ்க் ஐடியில் பார்த்து இப்படி வந்தால் பெரிய விஷயமில்லை, ரீட் கொடுத்தால் போதும். டொமைன் அட்மினுக்கே இப்படி வந்தால் எனக்குத் தெரிந்து காரணம் அநேகமாக ஒன்றுதான். யுஎஸ்பி தடை மாதிரி ஒரு பாலிசி போட்டிருப்பார்கள். அட்மின்களுக்கு அது பொருந்தக்கூடாது என்று டெலிகேஷன், அட்வான்ஸ்ட் போய் டொமைன் அட்மின்ஸ் வரியில் டினை டிக் போட்டிருப்பார்கள். 'அப்ளை குரூப் பாலிசி' என்ற ஒரு வரிக்கு மட்டும் போட வேண்டிய டினையை 'ரீட்' வரிக்கும், சில சமயம் 'ஃபுல் கன்ட்ரோல்' வரிக்குமே போட்டிருப்பார்கள். டினை எப்போதும் அலவ்வை வெல்லும். ஓகே அழுத்திய மறுநொடி அழுத்தியவருக்கே கதவு சாத்தப்பட்டுவிடும்.

மீட்கும் வழி இது. கன்சோலில் எதுவும் நடக்காது, அதை மூடிவிடுங்கள். 'ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்' திறந்து, வியூ மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ்' போடுங்கள். லிங்க் இருக்கும் ஓயுவின் ப்ராப்பர்ட்டீஸ், அட்ரிப்யூட் எடிட்டர் டேப், அதில் 'ஜிபிலிங்க்' என்ற வரி. திறந்தால் நீளமான ஒரு சரம். நெளிவு அடைப்புக்குள் பாலிசி ஐடி, ஒவ்வொன்றின் முடிவிலும் அரைப்புள்ளிக்குப் பின் ஒரு எண்: 0 என்றால் சாதாரண லிங்க், 1 முடக்கப்பட்டது, 2 என்ஃபோர்ஸ் செய்யப்பட்டது. கன்சோலில் பெயர் தெரியும் பாலிசிகளின் ஐடிகளைக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவதுதான் பூட்டிக்கொண்டது.

அடுத்து இடதுபக்கம் சிஸ்டம், பாலிசிஸ், அந்த ஐடி. அதன் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேப். பாலிசியை உருவாக்கியவர் டொமைன் அட்மினாக இருந்தால் அதன் ஓனராக அந்தக் குழுவே பதிவாகியிருக்கும். ஓனருக்கு பெர்மிஷனைப் பார்க்கவும் மாற்றவும் தானாகவே உரிமை உண்டு, டினை அதைத் தொடாது. ரீட் வரியின் டினையை எடுத்துவிடுங்கள். ஓனர் வேறொரு தனி நபர், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால், அட்வான்ஸ்டில் ஓனரை டொமைன் அட்மின்ஸுக்கு மாற்றி, பெட்டியை மூடித் திறந்து, பிறகு டினையை எடுங்கள்.

இப்போது கன்சோலைத் திறந்தால் பெயர் வந்துவிடும். அதைக் க்ளிக் செய்த உடனே இன்னொரு எச்சரிக்கை வரக்கூடும். பயப்பட வேண்டாம், அடுத்த தலைப்பே அதுதான்.

## 'சிஸ்வால் பெர்மிஷனும் டைரக்டரி பெர்மிஷனும் பொருந்தவில்லை'

பாலிசி மேல் க்ளிக் செய்தவுடன் வரும் பெட்டி. ஓகே கொடுத்தால் டைரக்டரியில் உள்ளதை வைத்து சிஸ்வாலில் திருத்திவிடும். பெரும்பாலும் அத்தோடு முடியும். ஆனால் ஓகே கொடுக்கும் முன் டெலிகேஷன் டேபை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டைரக்டரி பக்கம் இருப்பதுதான் நீங்கள் விரும்பும் பெர்மிஷனா? தவறானதை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒத்துப்போகச் செய்வதில் பயனில்லை.

ஓகே பட்டனுக்குப் பதில் 'அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும்' என்ற செய்தி வந்தால், அந்தப் பாலிசியின் செக்யூரிட்டியை மாற்றும் உரிமை உங்கள் ஐடிக்கு இல்லை. உரிமை உள்ளவர் திறந்தால் ஓகே வரும்.

சரிசெய்த பிறகும் மறுநாள் அதே பெட்டி வருகிறதா? ஒரே பாலிசிக்கு என்றால் ரெப்ளிகேஷன், மேலே சொன்ன ஈவென்ட்களைப் பாருங்கள். எல்லாப் பாலிசிக்கும் என்றால் யாரோ சிஸ்வாலுக்குள் பாலிசிஸ் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் பெர்மிஷனை மாற்றி, கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பரப்பியிருக்கிறார்கள். ஆன்டிவைரஸ் வென்டாரோ பேக்கப் வென்டாரோ 'எங்க சர்வீஸ் அக்கவுண்டுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்க' என்று கேட்டு வாங்கிய நாளை விசாரித்தால் தேதி பொருந்தும். பத்துப் பதினைந்து பாலிசி என்றால் ஒவ்வொன்றாகக் க்ளிக் செய்து ஓகே கொடுத்துவிடலாம், அலுப்பான வேலை, ஆபத்தில்லை. மேல்மட்ட ஃபோல்டரின் பெர்மிஷன் முன்பு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாத நிலையில் ஐகேக்கல்ஸ் (பெர்மிஷன் மாற்றும் கட்டளை) வைத்து ஊகத்தில் மாற்றாதீர்கள்.

## பாலிசியை உருவாக்க முடிகிறது, லிங்க் செய்ய முடியவில்லை

இது பிழையே இல்லை, வடிவமைப்பே அப்படி. 'குரூப் பாலிசி க்ரியேட்டர் ஓனர்ஸ்' குழுவில் இருப்பவர் புதிதாக உருவாக்கலாம், தான் உருவாக்கியதை எடிட் செய்யலாம், அவ்வளவுதான். அடுத்தவர் உருவாக்கியதில் கை வைக்க முடியாது. லிங்க் என்பது ஓயுவின் மேல் எழுதும் வேலை. கன்சோலில் அந்த ஓயுவைத் தேர்ந்தெடுத்து, டெலிகேஷன் டேபில் 'லிங்க் ஜிபிஓஸ்' (ஜிபிஓ என்றால் குரூப் பாலிசி ஆப்ஜெக்ட்) உரிமையைக் குழுவுக்குக் கொடுங்கள். தனி நபருக்குக் கொடுக்காதீர்கள், அவர் போன பிறகு நினைவிருக்காது.

'நியூ' என்ற மெனுவே மங்கலாக இருந்தால் நேரெதிர்: லிங்க் உரிமை இருக்கிறது, உருவாக்கும் உரிமை இல்லை.

## அட்மின் கண்ணுக்கு எல்லாம் சரி, யூசருக்குப் பாலிசி போய்ச் சேரவில்லை

இதற்குத்தான் அதிக நேரம் போகிறது. திரையில் எந்தப் பிழையும் வராது என்பதுதான் காரணம்.

பாதிக்கப்பட்ட மெஷினில், பாதிக்கப்பட்ட யூசர் லாகினிலேயே ஜிபிரிசல்ட் ஸ்லாஷ் ஆர் (எந்தப் பாலிசி பொருந்தியது என்று காட்டும் கட்டளை) ஓட்டுங்கள். யூசர் சைடு பாலிசி என்றால் சாதாரண ப்ராம்ப்ட் போதும். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' போட்டு உங்கள் ஐடியைக் கொடுத்தால் அது உங்களைப் பற்றிய கணக்கைச் சொல்லும். நீங்கள் அந்த மெஷினில் லாகின் செய்ததே இல்லையென்றால் 'ஆர்சாப் டேட்டா இல்லை', அதாவது பாலிசி முடிவுகளின் பதிவு இல்லை என்று கைவிரிக்கும். கம்ப்யூட்டர் பகுதியைப் பார்க்க மட்டும் அட்மின் ப்ராம்ப்ட் வேண்டும்.

வெளியீட்டில் 'வடிகட்டப்பட்டதால் பொருந்தாதவை' பட்டியலைப் பாருங்கள்.

'டினைட் செக்யூரிட்டி' என்றால் யூசர் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் (பாலிசி யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் பட்டியல்) உள்ள குழுவில் இல்லை, அல்லது டினை உள்ள வேறொரு குழுவில் இருக்கிறார். ஹூஅம்ஐ ஸ்லாஷ் குரூப்ஸ் பதில் சொல்லிவிடும்.

'நாட் அப்ளைட், அன்நோன் ரீசன்' என்றால் காரணம் தெரியாது என்று அது சொன்னாலும் நமக்குத் தெரியும். எச்டிஎம்எல் ரிப்போர்ட்டாக எடுத்தால் அதே இடத்தில் 'இன்ஆக்சஸிபிள்' என்றிருக்கும். 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்16-072 என்ற பாதுகாப்பு அப்டேட் விட்டது. அதுவரை யூசர் பாலிசிகளை யூசரின் அடையாளத்தில் படித்துவந்த விண்டோஸ், அதன்பின் மெஷினின் அடையாளத்தில் படிக்கத் தொடங்கியது. செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' (அடையாளம் நிரூபித்த யூசர்களும் மெஷின்களும் அடங்கிய குழு) வரியை நீக்கிவிட்டு 'அக்கவுண்ட்ஸ் டீம்' என்று ஒரு யூசர் குழுவை மட்டும் போட்டிருந்தால், மெஷினுக்கு அந்தப் பாலிசியைப் படிக்கவே உரிமை இல்லை. யூசருக்கு உரிமை இருந்தும் பாலிசி வராது. இத்தனை வருடம் கழித்தும் இது தீராததற்குக் காரணம், ஃபில்டரிங் என்றால் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை நீக்குவது என்று அதற்கு முன் கற்றுக்கொண்ட கை இன்னும் அப்படியே போவதுதான்.

சரிசெய்ய செக்யூரிட்டி ஃபில்டரிங்கைத் தொட வேண்டாம், குழு அங்கேயே இருக்கட்டும். டெலிகேஷன் டேபுக்குப் போய் ஆதென்டிகேட்டட் யூசர்ஸைச் சேர்த்து 'ரீட்' மட்டும் கொடுங்கள். 'அப்ளை' கொடுத்தால் எல்லோருக்கும் பாலிசி பாயும். யூசர்கள் எல்லோரும் பாலிசியின் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டாம் என்று நினைத்தால் 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்கு ரீட் கொடுத்தாலும் நடக்கும், ட்ரஸ்ட் வைத்துள்ள வேறு டொமைனின் மெஷின்கள் அதில் அடங்காது என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு யூசர் மெஷினில் ஜிபிஅப்டேட் ஸ்லாஷ் ஃபோர்ஸ், ஒரு லாக்ஆஃப். சும்மா விட்டால் 90 நிமிடம், அதன் மேல் 30 நிமிடம் வரை கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

ஒரு பாலிசியில் இந்தக் குறை இருந்தால் மற்றவற்றிலும் இருக்கும். பவர்ஷெல்லில் கெட்-ஜிபிஓ ஆல் எடுத்து, ஒவ்வொன்றையும் கெட்-ஜிபிபெர்மிஷன் வழியாக ஓட்டி, ஆதென்டிகேட்டட் யூசர்ஸும் டொமைன் கம்ப்யூட்டர்ஸும் இரண்டுமே இல்லாதவற்றைப் பட்டியல் எடுங்கள். உங்களுக்கே படிக்க உரிமை இல்லாத பாலிசி இந்தப் பட்டியலில் வராது.

## ஈவென்ட் 1058: ஜிபிடி.ஐஎன்ஐ ஃபைலைப் படிக்க முடியவில்லை

இந்த ஃபைல் சிஸ்வாலில் ஒவ்வொரு பாலிசியின் ஃபோல்டரிலும் இருக்கும். ஈவென்டின் டீடெய்ல்ஸ் டேபில் எரர் கோட் இருக்கும். 53 அல்லது 3 என்றால் மேலே முதல் தலைப்பு. 5 என்றால்தான் ஆக்சஸ் டினைட். செலவில்லாததிலிருந்து வருவோம்.

கடிகாரம். மெஷினுக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் கெர்பரோஸ் டிக்கெட் (டொமைனில் அடையாளத்தை நிரூபிக்கும் சீட்டு) கிடைக்காது. பழைய மெஷினில் சிமோஸ் பேட்டரி போயிருந்தால் தினமும் காலையில் இது நடக்கும். சில ரூபாய் பேட்டரிதான்.

அடுத்து ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக்கோடு, டொமைன் பெயர், சிஸ்வால் என்று அடித்துத் திறந்து பாருங்கள். இதை ஐபி எண்ணால் சோதிக்காதீர்கள். 2015 பிப்ரவரியில் வந்த எம்எஸ்15-011 மூலம் அறிமுகமான ஹார்டன்ட் பாத் பாதுகாப்பு, புதிய விண்டோஸில் சிஸ்வாலுக்கும் நெட்லாகானுக்கும் (லாகின் ஸ்கிரிப்ட்கள் இருக்கும் ஷேர்) சர்வர் தன்னை நிரூபிக்க வேண்டும் என்கிறது. ஐபி எண்ணில் போனால் அது நடக்காது, எல்லாம் சரியாக உள்ள மெஷினிலும் மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு ஷேர் பெர்மிஷனை மாற்றப் போகிறவர்கள் நிறைய.

பெயரில் திறந்தாலும் பாஸ்வேர்ட் கேட்கிறது என்றால் கண்ட்ரோல் பேனலில் க்ரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சர்வர் பெயரில் பழைய பாஸ்வேர்ட் ஒன்று சேமிக்கப்பட்டுக் கிடக்கும். நீக்கிவிட்டு லாக்ஆஃப்.

அதுவும் இல்லையென்றால் மெஷினுக்கும் டொமைனுக்கும் உள்ள நம்பிக்கை அறுந்திருக்கலாம். பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல், 'ஃபால்ஸ்' என்றால் ரிப்பேர் சேர்த்து மறுபடி. டொமைனிலிருந்து நீக்கிச் சேர்ப்பது கடைசி வழி.

ஒரே நேரத்தில் எல்லா மெஷினிலும் கோட் 5 என்றால் க்ளையன்ட்டை நோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். சிஸ்வால் ஷேரின் பெர்மிஷனை யாரோ இறுக்கியிருக்கிறார்கள். இயல்பில் அங்கே 'எவ்ரிஒன்' குழுவுக்கு ரீட், ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு ஃபுல் கன்ட்ரோல் இருக்கும். தணிக்கைக்கு வந்தவர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார். உண்மையான காவல் உள்ளே ஃபைல் பெர்மிஷனில் இருக்கிறது.

## ரிசல்ட்ஸ் விசார்ட் தூரத்து மெஷினைப் பார்க்க மறுக்கிறது

இந்த விசார்ட் வேறொரு மெஷினில் எந்தப் பாலிசி பொருந்தியது என்று கன்சோலிலிருந்தே காட்டும். 'ஆர்பிசி சர்வர் அன்அவைலபிள்' என்றாலும், ரிமோட் அப்டேட்டில் 8007071ஏ என்று வந்தாலும் ஃபயர்வால். 'குரூப் பாலிசி ரிப்போர்ட்டிங் ஃபயர்வால் போர்ட்ஸ்' என்றும் 'ரிமோட் அப்டேட்' என்றும் ஸ்டார்ட்டர் ஜிபிஓக்களிலேயே (கன்சோலில் உள்ள பாலிசி மாதிரிகள்) தயாராக இருக்கின்றன, அவற்றிலிருந்து ஒரு பாலிசி செய்து லிங்க் செய்யுங்கள். 'ஆக்சஸ் டினைட்' என்றால் நீங்கள் அந்த மெஷினில் லோக்கல் அட்மின் அல்ல. ஹெல்ப்டெஸ்க் ஆட்களுக்கு லோக்கல் அட்மின் கொடுக்காமலே ஓயுவின் டெலிகேஷனில் 'ரீட் குரூப் பாலிசி ரிசல்ட்ஸ் டேட்டா' கொடுத்தால் போதும்.

## புதிய டெம்ப்ளேட் ஃபைல்களை காப்பி செய்ய விடவில்லை

கன்சோலில் தெரியும் அமைப்புகளைத் தரும் இந்த ஃபைல்களை சிஸ்வாலில் போட, டொமைன் கன்ட்ரோலரில் உட்கார்ந்துகொண்டு சி டிரைவ் வழியாகப் போனால் யுஏசி (அட்மின் அதிகாரத்தைப் பயன்படுத்தும் முன் உறுதி கேட்கும் பாதுகாப்பு) குறுக்கே நிற்கும். அதே ஃபோல்டரை ஷேர் பாதை வழியாக, இன்னொரு மெஷினிலிருந்து திறந்தால் காப்பி ஆகும். எக்ஸ்ப்ளோரர் 'கன்டின்யூ' கேட்கும்போது அழுத்தாதீர்கள். உங்கள் பெயரை அந்த ஃபோல்டரின் பெர்மிஷனில் நிரந்தரமாக எழுதிவிட்டுப் போகும்.

## ஆள் கூப்பிட வேண்டிய இடங்கள்

4012 பற்றிச் சொல்லிவிட்டேன். டிஃபால்ட் டொமைன் பாலிசியோ டிஃபால்ட் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பாலிசியோ சேதமாகியிருந்தால் டிசிஜிபிஓஃபிக்ஸ் என்ற கட்டளை இணையமெங்கும் கிடைக்கும். அது பழுது பார்ப்பதில்லை, இரண்டையும் தொடக்க நிலைக்குத் திருப்புகிறது. உங்கள் பாஸ்வேர்ட் விதிகளும், மற்ற மென்பொருட்கள் நிறுவும்போது சேர்த்துக்கொண்ட யூசர் ரைட்ஸும் போய்விடும். தனியாக ஓட்டாதீர்கள். டொமைன் கன்ட்ரோலரை விர்ச்சுவல் மெஷின் ஸ்னாப்ஷாட்டிலிருந்து யாராவது திரும்பக் கொண்டுவந்த பிறகு இந்தப் பிழைகள் தொடங்கியிருந்தாலும் அப்படித்தான். ஒரே ஒரு கன்ட்ரோலர், அதற்கும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் இல்லை என்றால், ஓனர்ஷிப் மாற்றும் வேலையைக்கூட வேறொருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: பாதிக்கப்பட்ட ஒரு மெஷினின் ஜிபிரிசல்ட் எச்டிஎம்எல் ரிப்போர்ட், பாதிக்கப்படாத ஒன்றின் ரிப்போர்ட், டிசிடயாக் (கன்ட்ரோலரைச் சோதிக்கும் கட்டளை) வெளியீடு, எரர் கோடோடு ஈவென்ட்டின் முழு வாசகம். போனில் எடுத்த திரையின் படத்தில் டீடெய்ல்ஸ் வரியும் விழுந்திருக்கிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள். கடந்த வாரம் எந்த வென்டார் வந்து என்ன நிறுவினார் என்பதையும் சொல்லிவிடுங்கள், கேட்காமலே.